பயப்படுகிற பக்தி: பெரியாழ்வாரின் காப்பிடல் பதிகம் பற்றிச் சில குறிப்புகள்

பெரியாழ்வார் திருமொழியின் இரண்டாம் பத்து, எட்டாம் திருமொழி. கண்ணனைக் காப்பிட்டுக்கொள்ள வரச்சொல்லி யசோதை அழைக்கிற பதிகம். முதல்முறை இதைப் படித்தது பரீட்சைக்காக. ‘பிள்ளைத்தமிழின் தோற்றுவாய்’ என்று ஒரு ஐந்து மதிப்பெண் கேள்வி வரும், அதற்கு எழுத நான்கு வரி தெரிந்தால் போதும். இரண்டாவது முறை படித்தது 2020 ஏப்ரலில். மகள் பிறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஊரடங்கு. போட வேண்டிய தடுப்பூசித் தேதி தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது, எப்போது வரலாம் என்று போன் பண்ணிக் கேட்டால் ஆளுக்கொரு பதில். சாயங்காலம் ஆனால் அம்மா மிளகாயும் கல்லுப்பும் எடுத்துக் குழந்தையைச் சுற்றி அடுப்பில் போடுவாள். நான் அதைப் பார்த்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல், புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பேன்.

அந்த வாசிப்பிலிருந்து பிறந்த குறிப்புகள் இவை. இத்தனை நாள் கழித்து எழுத ஒரு காரணம் உண்டு. அந்த மாதங்களிலும் அதற்குப் பிறகும் பெற்றோருக்கு நம்பிக்கை ஊட்டுவதற்கென்று நிறையச் சொற்பொழிவுகள், பிரசங்கங்கள், சிறு புத்தகங்கள் வந்தன. கேட்டவற்றிலும் படித்தவற்றிலும் பெரும்பாலானவை ஒரே மாதிரிதான். பயப்படாதே, பயம் நம்பிக்கைக் குறைவு; பிள்ளையை ஆண்டவன் கையில் விட்டுவிடு; உனக்கு ஒரு பாடம் கற்பிக்கத்தான் இந்தக் காலம் வந்திருக்கிறது. இதற்குச் சாட்சியாகக் கூப்பிடப்படுகிறவர்கள் மேடைக்கு ஏற்ப மாறுவார்கள். சைவ மேடையில் சிறுத்தொண்டர், கிறிஸ்தவ மேடையில் ஆபிரகாம். இஸ்லாமிய மரபில் அதே தந்தை இப்ராஹீமாக பக்ரீத் தோறும் நினைவுகூரப்படுகிறார். மூன்றிலும் தகப்பன் பிள்ளையைக் கொடுக்கிறான். ‘இப்படி இருக்கணும் விசுவாசம்!’

எனக்கு இதில் ஒரு நெருடல். அறநெறி சார்ந்த நெருடல் தனியாக இருக்கட்டும், அதைப் பலர் பேசியாகிவிட்டது. என்னுடையது இலக்கியம் சார்ந்தது. பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேசுவதற்கு இந்தக் கதைகள் சரியான கதைகளே இல்லை. இவை ஒரு நாள் கதைகள், மிஞ்சிப் போனால் மூன்று நாள் கதை. பிள்ளை வளர்ப்பு அப்படி நடப்பதில்லை. தினமும் அந்தி வருகிறது, தினமும் காப்பு இடவேண்டி இருக்கிறது.

முதலில் பதிகத்துக்குள் போய்விடுகிறேன்.

காட்சி சாதாரணமானது. பொழுது சாய்ந்துவிட்டது. பையன் தெருவில் நிற்கிறான், அம்மா வாசலிலிருந்து கூப்பிடுகிறாள். ஆழ்வார் இந்தக் காட்சியைத் திருவெள்ளறையில் வைக்கிறார், கோயிலில் நிற்கிற பெருமாள்தான் தெருவில் நிற்கிற பையன். பாட்டுக்குப் பாட்டு அம்மா காரணம் அடுக்குகிறாள். இந்திரனும் பிரமனும் மற்றவர்களும் பூவோடு வந்து காத்திருக்கிறார்கள் என்று முதல் காரணம். சரி, தெய்வத்தைப் பற்றிய பாட்டு, அப்படித்தான் தொடங்கும் என்று நினைத்துக்கொண்டு அடுத்த பாட்டுக்கு வந்தால் தொழுவத்தில் கன்றும் பசுவும் கத்திக்கொண்டிருக்கின்றன. நான் உன்னைக் கூப்பிட்டுக்கொண்டு இங்கே நிற்கிறேன், உனக்குப் பாசமே கிடையாதா என்று கேட்கிறாள். வேலை கிடப்பில் கிடக்கிறது, பையன் வரமாட்டேன் என்கிறான். இரண்டே பாட்டில் தேவலோகத்திலிருந்து தொழுவத்துக்கு இறங்கியாயிற்று.

மூன்றாவது பாட்டில் நடப்பதுதான் எனக்குப் பிடித்தது. பகலில் இவன் பெண் குழந்தைகளின் மணல்வீட்டையும் சிறுசோற்றையும் கலைத்திருக்கிறான். அம்மா அதட்டியிருக்கிறாள். கோபித்துக்கொண்டு சாப்பிடாமலே போய்விட்டான். இப்போது அவள் சொல்வது: இனி நான் ஒன்றும் செய்யமாட்டேன், வா. இதற்கு உரை வேண்டுமா என்ன. அதட்டினோமே, சாப்பிடாமல் போய்விட்டானே, இருட்டிவிட்டதே என்று மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து வருகிற அந்தக் குரல் எந்த வீட்டிலும் கேட்கிற குரல்தான்.

அடுத்து ஊர்ப் பிள்ளைகள் புகார் சொல்ல வருகிறார்கள், கண்ணில் மண்ணைத் தூவிவிட்டானாம், காலால் உதைத்தானாம். அதற்கடுத்த பாட்டில் அம்மா கட்சி மாறிவிடுகிறாள். இந்த ஊரில் ஆயிரம் பிள்ளைகள் சேட்டை பண்ணுகிறார்கள், எல்லாப் பழியும் உன் தலையில்தான் வந்து விழுகிறது என்கிறாள். பள்ளிக்கூடத்திலிருந்து புகார் வந்த வீடுகளில் இந்த இரண்டு கட்டமும் இதே வரிசையில் நடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஆறாம் பாட்டில்தான் பயம் வெளிப்படையாக வருகிறது. கம்சன் உன்மேல் வன்மம் கொண்டு, கறுத்த உடலும் சிவந்த மயிருமுள்ள ஒரு பேயை அனுப்பியிருக்கிறான் என்று பேச்சு அடிபடுகிறது, நீ அங்கே நிற்பதைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது என்கிறாள். கவனிக்க வேண்டியது, அவள் இதை நடந்த செய்தியாகச் சொல்லவில்லை. ஊரில் இப்படி ஒரு பேச்சு இருக்கிறது, அவ்வளவுதான். வதந்தி. 2020 ஏப்ரலில் இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எங்கள் வீட்டில் அன்று காலை முழுக்க நடந்ததும் அதுதான்: எந்தத் தெருவில், யாருக்கு, எப்படி வந்ததாம், குழந்தைகளுக்கு வருமாம், வராதாம். எதுவும் உறுதி கிடையாது, எதையும் தள்ளவும் முடியாது.

அடுத்த பாட்டு இன்னும் விசேஷம். அதில் அந்தப் பேய்ச்சி ஏற்கெனவே வந்து போய்விட்டாள். நீ பேயின் முலையுண்டாயே, அதற்கப்புறம் நீ யாரென்றே எனக்குப் புரியவில்லை என்கிறாள். சகடத்தை உதைத்ததும் மருதமரங்களை வீழ்த்தியதும் அதே பாட்டில் வந்துவிடுகிறது. அதாவது ஆறாம் பாட்டில் வருமோ என்று பயந்த ஆபத்து ஏழாம் பாட்டில் முடிந்துபோன கதை! கால வரிசைக் குழப்பம் என்று இதைத் தள்ளிவிடலாம். பதிகம் என்றால் பாட்டுகளின் தொகுப்பு, கதையின் ஒழுங்கை எதிர்பார்க்கக் கூடாது என்றும் சொல்லலாம். நான் அப்படி வாசிக்கவில்லை. ஆபத்து வந்து, அது முடிந்து, பிள்ளை பேயையே கொன்றுவிட்டான் என்று கண்ணால் பார்த்த பிறகும் அவளுக்குப் பயம் போகவில்லை. பயத்தைப் போக்கும் அளவுக்கு அந்தச் சாட்சியம் போதவில்லை. கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். பதிகம் முடிகிற தறுவாயில் அவள் கேட்பதும் சின்னதாகத்தான் இருக்கிறது. அந்தணர்கள் சங்கில் நீரோடு வந்து நிற்கிறார்கள், சந்தியில் நிற்காதே, கொஞ்ச நாளைக்காவது அம்மா சொல்வதைக் கேள், விளக்கேற்றுகிறேன் வா. கொஞ்ச நாளைக்கு, அவ்வளவுதான். என்றென்றும் என்று கேட்கவில்லை.

வைணவ மரபு இந்தப் பயத்தைக் கண்டுகொள்ளாமல் விடவில்லை. உண்மையில் ஆழ்வாரின் பெயரே அதிலிருந்துதான் வருகிறது. கதை தெரிந்ததுதான்: வில்லிபுத்தூரில் பூமாலை கட்டிக்கொண்டிருந்த விஷ்ணுசித்தர் மதுரைக்குப் போய்ப் பாண்டியன் சபையில் பொற்கிழி வென்று யானைமேல் வருகிறார். அதைக் காணக் கருடன்மேல் பெருமாள் வந்து நிற்கிறார். பக்தன் அப்போது என்ன செய்யவேண்டும்? வரம் கேட்கலாம், மோட்சம் கேட்கலாம். இவர் பதறிப்போகிறார். இந்த அழகை இப்படி நட்ட நடுவீதியில் எல்லோரும் பார்க்கிறார்களே, கண் பட்டுவிடுமே! யானையின் மணியைத் தாளமாக்கி, நீ பல்லாண்டு இருக்கவேண்டும் என்று அழிவே இல்லாதவனை வாழ்த்துகிறார். பன்னிரண்டு பாட்டு, திருப்பல்லாண்டு. இந்தப் பரிவினால்தான் மற்ற ஆழ்வார்களைவிடப் ‘பெரிய’ ஆழ்வார் ஆனார் என்று மணவாள மாமுனிகள் உபதேச ரத்தினமாலையில் சொல்கிறார்.

தர்க்கப்படி இது அபத்தம். சர்வ வல்லமை உள்ளவனுக்குக் கண்ணேறு எங்கிருந்து வரும்? இந்தக் கேள்விக்குப் பிள்ளை லோகாசாரியர் ஸ்ரீவசன பூஷணத்தில் ஒரு பதில் வைத்திருக்கிறார். அறிவோடு நோக்கும்போது அவன் காப்பவன், நாம் காக்கப்படுகிறவர்கள், எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது. அன்பு முற்றும்போது இந்த இடங்கள் தலைகீழாகிவிடுகின்றன. நாம் காப்பவர்கள் ஆகிறோம், அவன் காக்கப்பட வேண்டியவன் ஆகிறான். இதைக் குறையென்று அவர் கருதவில்லை. அறிவு தவறியதால் வந்த மயக்கம்தான், ஆனால் தவிர்க்க வேண்டிய மயக்கம் அல்ல.

என் வாசிப்பில் இந்தப் பதில் மேலே சொன்ன சொற்பொழிவுகளின் அடிப்படையையே அசைத்துவிடுகிறது. அவை பயத்தையும் நம்பிக்கையையும் தராசின் இரு தட்டில் வைக்கின்றன, ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். பெரியாழ்வாரிடம் அந்தத் தராசே கிடையாது. பிள்ளை யார் என்று அவருக்குத் தெரியும், அந்த நம்பிக்கையில் துளி சந்தேகம் இல்லை. அதே சமயம் இருட்டில் அவன் தெருவில் நிற்பது அவருக்குத் தாங்கவில்லை. இரண்டும் ஒரே பாட்டில், சில இடங்களில் ஒரே மூச்சில் வருகின்றன. பயம் அங்கே நம்பிக்கையின் குறைவாகத் தெரியவில்லை. அந்த நம்பிக்கை கையும் காலும் பெற்று நடமாடுகிற விதமாகவே எனக்குப் படுகிறது.

இதற்கு ஒரு சோதனைப் பாட்டு மாதிரி மூன்றாம் பத்தின் முதல் திருமொழி இருக்கிறது. அங்கே யசோதைக்கு மயக்கம் தெளிந்துவிடுகிறது. பிள்ளை செய்த காரியங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, நீ யாரென்று தெரிந்துகொண்டேன், உனக்குப் பால் கொடுக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது என்கிறாள். காப்பிடல் பதிகத்தின் பயம் பிள்ளைக்காகப் பயந்த பயம், இது பிள்ளையைப் பார்த்துப் பயப்படுகிற பயம். அறிவு வந்ததும் என்ன ஆகிறது பாருங்கள், பால் கொடுக்கிற கை பின்வாங்குகிறது. மயக்கத்தில் பிள்ளைக்குச் சோறு கிடைத்தது, தெளிவில் கிடைக்காமல் போகிற நிலை. பெரியாழ்வார் இந்தத் தெளிவில் தங்கவில்லை. அடுத்த திருமொழியிலேயே அம்மா மறுபடியும் அம்மாவாகி, அவனைக் கன்றின் பின்னால் காட்டுக்கு அனுப்பிவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொள்கிறாள்.

அந்தத் திருமொழி முழுக்கக் குற்ற உணர்ச்சிதான். அனுப்பினேனே, பாவி அனுப்பினேனே என்று ஒவ்வொரு பாட்டும் அதில்தான் வந்து முடிகிறது. காட்டில் அசுரர்கள் உண்டு என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் ஒரு பாட்டில் அவளை அறுப்பது குடையும் செருப்பும். குடை கொடுக்கவில்லை, செருப்பு கொடுக்கவில்லை, பரல்கல் சுடுமே, கால் நோகுமே. உலகளந்த கால் என்று அதே நூலில் பல இடங்களில் பாடியவர்தான் இதையும் எழுதுகிறார். சாயங்காலம் பிள்ளை மாடுகளோடு திரும்பி வருகிறான். அதற்கடுத்த திருமொழியில் அவள், நாளையிலிருந்து கன்றின் பின்னால் போகவேண்டாம், அலங்காரம் பண்ணிக்கொண்டு வீட்டிலேயே இரு என்கிறாள். போகாமல் இருப்பானா? கிருஷ்ண கதை தெரிந்த எவருக்கும் பதில் தெரியும்.

இங்கே ஒரு சிறு விலகல். இதையெல்லாம் பாடியவர் ஒரு ஆண் என்பதை மறந்துவிடக் கூடாது. தாய்க் குரலை எடுத்துக்கொண்டு பாடுவது பக்தி மரபில் பெருமையாகப் பேசப்படுகிறது. பெருமைதான், மறுக்கவில்லை. ஆனாலும் தொழுவத்தில் கத்துகிற பசுவைக் கறந்தது யார் என்று கேட்கத் தோன்றுகிறது. எங்கள் வீட்டில் நான் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த நேரத்தில் மனைவி குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டுத் துணி அலசிக்கொண்டிருந்தாள். பெரியாழ்வாரைப் பற்றி நான் கண்டுபிடித்த விஷயத்தை ரொம்ப உற்சாகமாகச் சொன்னேன். “சரிங்க, அந்தக் கொடியில கிடக்கிறதக் கொஞ்சம் எடுத்து மடிச்சு வையுங்க” என்றாள். ஆழ்வாரின் சார்பாக ஒன்று சொல்லலாம்: நந்தவனம் வைத்துத் தண்ணீர் ஊற்றி மாலை கட்டியவர் அவர், கைவேலை தெரியாதவர் அல்ல. துளசிச் செடியருகே கண்டெடுத்த பெண் குழந்தையை எடுத்து வளர்த்தவர் என்பதும் மரபு சொல்வது. குளிப்பாட்ட, காது குத்த, பூச்சூட, தலைவாரக் காக்கையைக் கூப்பிட என்று அவர் பாடியிருக்கிற காரியங்களின் பட்டியல் பக்கத்திலிருந்து பார்க்காத ஒருவருக்கு வந்திருக்காது.

இப்போது மற்றப் பக்கத்துக்கு வருகிறேன். சிறுத்தொண்டர் கதையை நான் மேலே ஒரு வரியில் ஒதுக்கியது நியாயமில்லை என்று எழுதும்போதே தெரிந்தது. மேடையில் சொல்லப்படுகிற சிறுத்தொண்டர் வேறு, சேக்கிழார் எழுதிய சிறுத்தொண்டர் வேறு.

கதைச் சுருக்கம் பலருக்கும் தெரியும். திருச்செங்காட்டங்குடியில் பரஞ்சோதியார் என்கிற சிறுத்தொண்டர், மனைவி திருவெண்காட்டு நங்கை, மகன் சீராளன். பைரவ வேடத்தில் வந்த சிவன் பிள்ளைக்கறி கேட்கிறார். ஐந்து வயது, குறையில்லாத உடல், வீட்டுக்கு ஒரே பிள்ளை, தாய் பிடிக்கத் தந்தை அரியவேண்டும், இருவரும் மகிழ்ந்து செய்யவேண்டும். செய்கிறார்கள். கடைசியில் கூப்பிட்டதும் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவருவதுபோலப் பிள்ளை ஓடிவருகிறான்.

பெரியபுராணத்தில் நடுவில் ஒரு பாட்டு இருக்கிறது. பள்ளியிலிருந்து அழைத்துவந்த பிள்ளையைத் தாய் வாங்கிக்கொள்கிறாள். தலைமுடியைச் சரிசெய்கிறாள், முகம் துடைக்கிறாள், அரைநாணில் ஒட்டிய தூசியைத் தட்டுகிறாள். உடம்பில் பூசிய மஞ்சள் அழிந்திருப்பதைப் பார்த்து வருந்துகிறாள். கலைந்த கண்மையை ஒதுக்குகிறாள், குளிப்பாட்டி அலங்காரம் செய்து கணவர் கையில் கொடுக்கிறாள். எதற்குக் கொடுக்கிறாள் என்பது அவளுக்குத் தெரியும். பிள்ளை சாகப்போகிறான் என்று அவள் வருந்துவதாகச் சேக்கிழார் ஒரு சொல்லும் எழுதவில்லை, எழுதினால் விருந்தாளியின் நிபந்தனை உடைந்துவிடும். மஞ்சள் அழிந்ததற்கு வருந்தினாள் என்று மட்டும் எழுதுகிறார். அந்த ஒரு இடத்தில் அவளுடைய மொத்த வருத்தத்தையும் ஒளித்து வைத்துவிட்டார். அடுத்த பாட்டில் பெற்றோர் பிள்ளையை உச்சி மோந்து முத்தமிடவில்லை, அடியவருக்குப் படைக்கும் கறி எச்சில் பட்டுவிடக் கூடாதே என்று. பிறகு தாய் கால்களை மடியில் இடுக்கிக் கைகளைப் பிடித்துக்கொள்கிறாள். அப்பாவும் அம்மாவும் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று நினைத்துப் பிள்ளை சிரிக்கிறான்.

இந்த இடத்தைச் சொல்லிவிட்டு எந்தப் பேச்சாளராலாவது ‘ஆகவே பெற்றோர்களே’ என்று தொடங்க முடியுமா? அதனால்தான் மேடையில் இந்தப் பாட்டு பெரும்பாலும் விடுபடுகிறது, ஓடிவருகிற கடைசிக் காட்சி மட்டும் நிற்கிறது. பிள்ளை திரும்பி வருவான் என்று கேட்பவருக்குத் தெரியும், திருவெண்காட்டு நங்கைக்குத் தெரியாது. முடிவை முன்கூட்டியே கையில் வைத்துக்கொண்டு பாடம் எடுப்பதுதான் இங்கே நடக்கிறது. நிச்சயமற்ற காலத்தில் இருக்கிற பெற்றோருக்கு முடிவு தெரிந்த கதையைக் கொடுத்து, இதுபோல இரு என்றால் எப்படி?

ஆபிரகாம் கதையிலும் இதே மாதிரி ஒரு விடுபடல் இருக்கிறது, அங்கே அது மூலத்திலேயே இருக்கிறது. ஆதியாகமம் 22ஆம் அதிகாரத்தில் சாராள் வரவே இல்லை. மூன்று நாள் பயணம், விறகு, நெருப்பு, கத்தி, பலிக்கு ஆட்டுக்குட்டி எங்கே என்று கேட்கிற மகன், எல்லாம் உண்டு. தாய் கிடையாது. அடுத்த அதிகாரம் சாராளின் மரணத்தோடு தொடங்குகிறது. இந்த மௌனத்தைப் பற்றி யூத உரை மரபில் நிறையப் பேசியிருக்கிறார்கள். ஆபிரகாம் கதையையும் சிறுத்தொண்டர் கதையையும் பக்கத்தில் வைத்து டேவிட் ஷுல்மன் 1993இல் ஒரு புத்தகமே எழுதினார். பிள்ளைக்கறி கேட்கிற தெய்வத்தின் பசியைப் பற்றியது அது. ஒப்பீட்டில் ஆர்வம் உள்ளவர்கள் தேடிப் படிக்கலாம்.

எனக்கு இங்கே வேண்டியது கீர்கேகார்ட். 1843இல் புனைபெயரில் அவர் எழுதிய ‘அச்சமும் நடுக்கமும்’ நூலின் தொடக்கத்தில் மோரியா மலைப் பயணத்தை நான்கு விதமாகச் சொல்லிப் பார்க்கிறார். ஒவ்வொரு வடிவம் முடிந்ததும் சம்பந்தமில்லாததுபோலச் சில வரிகள் வருகின்றன. தாய் குழந்தைக்குப் பால் மறக்கடிப்பதைப் பற்றிய வரிகள். முதலாவதில் அவள் மார்பில் கறுப்பைப் பூசிக்கொள்கிறாள். மார்பு விலகவேண்டும், ஆனால் அம்மா மாறவில்லை, அவள் பார்வை அப்படியேதான் இருக்கிறது. மூன்றாவதில், பிரிவது குழந்தை மட்டுமல்ல, தாய்க்கும் துக்கம் உண்டு என்று வருகிறது. நம் வீடுகளில் வேப்பெண்ணெய் தடவுவது நினைவுக்கு வராமல் இருக்காது. பெரிய பெரிய தத்துவ உரைகள் இந்த வரிகளை அடிக்குறிப்பில் கடந்துபோய்விடுவதைப் பார்த்திருக்கிறேன். நிச்சயித்த திருமணத்தை 1841இல் முறித்துக்கொண்டு, பிள்ளை குட்டி இல்லாமலே வாழ்ந்து முடித்த ஒருவர், விசுவாசத்தின் மிகப் பெரிய சோதனையைப் புரிந்துகொள்ளப் பால் மறக்கடிக்கிற தாயிடம்தான் போகவேண்டி இருந்தது.

ஆக, கொடுக்கிற கதைகளுக்கு உள்ளேயே வளர்க்கிற கதை ஒன்று ஒளிந்திருக்கிறது. மஞ்சள் அழிந்ததற்கு வருந்துகிறவளும் மார்பைக் கறுப்பாக்கிக்கொள்கிறவளும் யசோதைக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள்தான். எனக்கு ஆட்சேபணை அந்த நூல்களோடு இல்லை. அவற்றிலிருந்து ‘பாடம்’ எடுக்கிற அவசரத்தோடுதான். பாடம் எடுக்கிறவருக்குப் பிள்ளை ஒரு பாடப்புத்தகம் ஆகிவிடுகிறது. உனக்கு நம்பிக்கையைக் கற்பிக்கத்தான் உன் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது என்று ஒரு சிறு புத்தகத்தில் ஏறக்குறைய இந்தப் பொருளில் படித்தேன். காய்ச்சலில் கிடக்கிற பிள்ளைக்கு அதில் என்ன பங்கு? அது யாருடைய பரீட்சையாம்?

பெரியாழ்வாரிடம் இந்தப் பிசகு நேரவில்லை. அவர் பாட்டில் பிள்ளை எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. அவன் தெய்வம் என்பதே அங்கே ஒரு வகையில் இடைஞ்சல், பால் கொடுக்கவிடாமல் செய்கிற விஷயம். பிற்காலப் பிள்ளைத்தமிழில் காப்புப் பருவம் முதல் பருவமாக நிலைபெற்றபோது இந்த நடுக்கம் கொஞ்சம் குறைந்துவிட்டது என்பது என் அபிப்பிராயம். அங்கே திருமால் தொடங்கி ஒவ்வொரு தெய்வத்தையும் பெயர் சொல்லிக் காக்க அழைப்பது ஒரு முறைமை ஆகிவிடுகிறது. அழகான முறைமை. ஆனால் சாப்பிடாமல் போன பிள்ளையை இருட்டில் தேடுகிற குரல் அதில் கேட்பதில்லை.

அந்த ஏப்ரலில் அம்மாவிடம் ஒருநாள் கேட்டேவிட்டேன், சாமி இருக்காருன்னு இவ்வளவு நம்புறியே, அப்புறம் எதுக்கு மிளகா உப்பு. அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “அவரு பாத்துக்குவாரு. அதுக்காக நாம பாக்காம இருக்கிறதா?” என்றாள். ஸ்ரீவசன பூஷணத்தை அவள் கேள்விப்பட்டதுகூட இல்லை. தடுப்பூசி ஜூனில்தான் போட முடிந்தது. அதுவரைக்கும் மிளகாய் உப்புத் தினமும் நடந்தது, நானும் ஒன்றிரண்டு நாள் சுற்றினேன். எதில் நம்பிக்கை வைத்துச் சுற்றினேன் என்று என்னால் எழுத முடியவில்லை.

கடைசியாக மூன்றாம் பத்தின் எட்டாம் திருமொழி. இதிலும் தாய்தான் பேசுகிறாள், ஆனால் பிள்ளை மாறிவிட்டது. ஒரே மகள், திருமகளைப் போல வளர்த்த மகள், திருமாலோடு போய்விட்டாள். பனி கொட்டிக் கருகிப்போன தாமரைக் குளத்தைப் போல வீடு வெறிச்சென்று கிடக்கிறது. மகளைப் பிரிந்த தாயின் பாட்டு அகத்துறை மரபிலேயே உண்டு, அதனால் இதை ஆழ்வாரின் சொந்தக் கதை என்று நேராகச் சொல்ல மாட்டேன். ஆண்டாளை அரங்கனுக்குக் கொடுத்த தகப்பனின் குரலாக வைணவர்கள் இதைக் கேட்டு வந்திருக்கிறார்கள், அப்படிக் கேட்காமல் இருப்பதும் கஷ்டம். பக்தி நூல்களின் கணக்குப்படி ஒரு பெண்ணுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. போனவள் போய்ச் சேர்ந்தது தெய்வத்திடம். தாய் அதில் நிம்மதி அடைந்ததாகத் தெரியவில்லை. வரிசையாகக் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவனைப் பெற்ற யசோதை இவளைப் பார்த்து மகிழ்ந்து முறை செய்வாளா? கல்யாணத்தை ஊரறிய ஒழுங்காக நடத்துவார்களா? பொழுது விடியும் முன்னே எழுந்து, தூக்கத்தை விட்டு உட்கார்ந்து, அந்த வீட்டுத் தயிரை இவளால் கடைய முடியுமா?